கிளிசரால் போன்ற கெட்டித் திரவங்களைப் பிப்பெட்டில் சரியாக அளப்பது எப்படி

ஆய்வகங்களில் நாம் அன்றாடம் கையாளும் மைக்ரோபிப்பெட் திரவத்தை நேராக அளப்பதில்லை. அதனுள் இருக்கும் பிஸ்டன் குறிப்பிட்ட அளவு காற்றை மேலே இழுக்க, காலியான இடத்துக்குத் திரவம் ஏறி வருகிறது. தண்ணீர் நொடிப்பொழுதில் ஏறிவிடுவதால் இந்த ஏற்பாட்டில் குறை தெரிவதில்லை. ஆனால் 20 டிகிரி செல்சியஸில் தூய கிளிசராலின் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1,400 மடங்கு. அழுத்திய பொத்தானை விட்டவுடன் டிப்பை (பிப்பெட்டின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழலை) வெளியே எடுத்தால், திரவம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னால் காற்று புகுந்துவிடும். வெளியேற்றும்போதும் ஒரு பங்கு டிப்பின் உட்சுவரில் படலமாகத் தங்கிவிடும். இரண்டு பிழைகளும் அளவைக் குறைக்கவே செய்வதால், ஒன்றை ஒன்று ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிப்பெட்டின் பொத்தான் இரண்டு நிலைகளில் நிற்கும்: முதல் நிலை குறித்த அளவுக்கு, அதற்கும் கீழே உள்ள இரண்டாம் நிலை மிச்சத்தையும் வெளியேற்ற. வழக்கமான முறையில் முதல் நிலை வரை அழுத்தித் திரவத்தை எடுத்து, இரண்டாம் நிலை வரை அழுத்தி வெளியேற்றுவோம். கெட்டித் திரவத்துக்கு ஏற்றது இதைத் திருப்பிச் செய்யும் தலைகீழ் முறை. பொத்தானை முதலிலேயே இரண்டாம் நிலை வரை அழுத்திக்கொண்டு, டிப்பின் முனையைத் திரவத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் அமிழ்த்தி, விரலை மிக மெதுவாகத் தளர்த்த வேண்டும். பொத்தான் முழுவதும் மேலே வந்த பிறகும் டிப்பை எடுக்காமல், உள்ளே திரவத்தின் மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முனையைப் புட்டியின் உட்சுவரில் தொட்டு, வெளிப்புறம் ஒட்டியிருப்பதை நீக்கிவிட்டு, பெறும் குழாயின் சுவரில் வைத்து முதல் நிலை வரை மட்டும் மெதுவாக அழுத்தி, சில நொடிகள் அப்படியே நிறுத்த வேண்டும். டிப்பில் மிஞ்சும் திரவம் கூடுதலாக எடுக்கப்பட்டதுதான். அதை டிப்போடு கழித்துவிடலாம். பழக்கத்தால் கட்டைவிரல் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டால் அளவு மிகுந்துவிடும். அதே காரணத்தால், இம்முறையில் எடுத்ததை, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலுக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்து டிப்பை அலசக் கூடாது.

அலசித்தான் ஆகவேண்டிய இடமும் உண்டு. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்கள் பெரும்பாலும் 50 சதவீதக் கிளிசராலில், மைனஸ் 20 டிகிரியில் வைக்கப்படுகின்றன. ஒன்றிரண்டு மைக்ரோலிட்டரை எடுக்கும்போது வழக்கமான முறையில் எடுத்து, என்சைம் சேர வேண்டிய கலவைக்குள் முனையை வைத்து வெளியேற்றி, இரண்டு மூன்று முறை அலசுவதே நல்லது. இங்கே டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டும் துளிதான் பெரிய தொல்லை. டிப்பை ஆழமாக அமிழ்த்தினால் விலையுயர்ந்த என்சைம் வீணாவதோடு, கலவையில் கிளிசராலும் கூடிவிடும். அது 5 சதவீதத்தைத் தாண்டினால் சில என்சைம்கள் தமக்குரியதல்லாத இடங்களிலும் டி.என்.ஏ.வை வெட்டத் தொடங்கும். 20 மைக்ரோலிட்டர் கலவையில் 2 மைக்ரோலிட்டர் என்சைம் சேர்த்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

திரவத்தைச் சூடாக்கினால் வேலை எளிதாகும். 40 டிகிரியில் கிளிசராலின் பாகுத்தன்மை 20 டிகிரியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆயினும் என்சைமைச் சூடாக்க முடியாது. சூடான திரவம் பிப்பெட்டுக்குள் இருக்கும் காற்றை விரியச் செய்து வேறொரு பிழையைக் கொண்டுவருகிறது. டிப்பின் நுனியைக் கத்தரித்து வாயை அகலமாக்குவதும் பரவலான வழக்கம். திரவத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்ற அது உதவும். துல்லியமான அளவுக்கு அதை நான் நம்புவதில்லை.

சில நூறு மைக்ரோலிட்டருக்கு மேல் தேவைப்படும்போது பிப்பெட்டை ஒதுக்கிவிட்டுத் தராசை நாடுவதே என் பரிந்துரை. கிளிசராலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.26 கிராம். 50 மில்லிலிட்டர் 50 சதவீதக் கரைசல் வேண்டுமானால், அளவுகோடிட்ட கலனில் 31.5 கிராம் கிளிசராலை எடைபோட்டு ஊற்றி, தண்ணீரால் 50 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்பிக் கலக்கினால் போதும். டுவீன் 20 என்னும், சோப்புபோல் செயல்படும் கெட்டித் திரவத்தையும் ஒவ்வொரு முறை தூய நிலையில் அளப்பதைவிட, ஒருமுறை எடைபோட்டு 10 சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொண்டால், பிறகு தண்ணீரைப் போலவே எடுக்கலாம். கலக்கும்போது மட்டும் நுரைக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

கெட்டித் திரவங்களைச் சிறு அளவில் நாள்தோறும் அளக்கும் ஆய்வகத்துக்கு, பிஸ்டன் திரவத்தையே தொட்டு நிற்கும் நேரடி இடப்பெயர்ச்சிப் பிப்பெட் ஏற்றது. இடையில் காற்று இல்லாததால் பாகுத்தன்மை அளவை அதிகம் பாதிக்காது. அதன் டிப்களுக்குத்தான் செலவு கூடும். எந்த முறையானாலும், 100 மைக்ரோலிட்டர் கிளிசராலைத் தராசில் பத்து முறை விட்டு எடையைக் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 126 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். எல்லாம் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். எடைகள் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் விரலின் வேகத்தைச் சீராக்குங்கள்.