குமரி மாவட்டத்தை டவுன் பஸ்ஸில் சுற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டாக்ஸிக்காரர் போட்டுக் கொடுக்கும் பட்டியலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதுதான் முதல் தவறு. பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் கடற்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால், பாதி நாள் பஸ் ஸ்டாண்டிலேயே கழிந்துவிடும். இங்கே டவுன் பஸ் ஓடுவது பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்காக. அவர்கள் போகும் தடத்தில் நாமும் தொற்றிக்கொண்டால் மாவட்டமே சன்னலோரம் வந்துபோகும். நாஞ்சில் நாட்டு வயல், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம், குளச்சல் வரையான கடலோரம் என்று ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

நாகர்கோவிலில் இரண்டு பஸ் ஸ்டாண்ட் இருப்பது தெரியாமல் வந்து இறங்குகிறவர்கள் ஏராளம். வெளியூர் வண்டிகளுக்கு வடசேரி, டவுன் பஸ்களுக்குப் பெரும்பாலும் மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பஸ் ஸ்டாண்ட். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் காலை நெரிசலில் அந்தக் கொஞ்ச தூரமே ஒரு வண்டியைத் தவறவிடப் போதும்.

அடுத்தது போர்டு. ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகத் திங்கள்நகர் வழியும் உண்டு, ராஜாக்கமங்கலம், மண்டைக்காடு வழியும் உண்டு. முதலாவதில் போனால் கடலோரத்தைக் குளச்சலில்தான் பார்ப்பீர்கள். ஆகவே போர்டில் சின்ன எழுத்தில் இருக்கும் 'வழி'யையும் படியுங்கள். போனது ஒரு வழி என்றால் திரும்புவது இன்னொரு வழியாக இருக்கட்டும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் புழங்குவதையும் நினைவில் வையுங்கள். போர்டில் 'திங்கள்நகர்' என்று இருக்கும், பக்கத்து சீட்டில் இருப்பவர் 'திங்கள்சந்தை' என்பார். ஊர் ஒன்றுதான்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் 'எண்ட் டு எண்ட்' வண்டியில் ஏறிவிட்டு, தோவாளையில் பூச்சந்தை பார்க்க இறங்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வண்டி நடுவில் நிற்காது. தோவாளைக்குச் சாதாரண வண்டிதான் சரி, அதுவும் அதிகாலையில். வெயில் ஏறிய பிறகு போனால் சந்தையின் சுறுசுறுப்பு அடங்கியிருக்கும். அதே சாலையில் ஆரல்வாய்மொழி வரை தொடர்ந்தால், இடப்பக்க சன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

பலரைத் தவிக்கவிடுவது கடைசி வண்டி. மலையடிவார ஊருக்கு ஏழு மணிக்கு ஒரு பஸ் போகிறது என்றால், அதே பஸ் திரும்பி வரும் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். சில ஊர்களில் இரவுக் கடைசி வண்டி அங்கேயே தங்கிவிட்டு, விடிகாலை முதல் ட்ரிப்பாகத்தான் கிளம்பும். இதை 'ஸ்டே பஸ்' என்பார்கள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே படுக்க இடம் உண்டு, நமக்கு இல்லை. அதனால் டிக்கெட் வாங்கும்போதே, "அண்ணே, திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். இறங்கியதும் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையிலும் ஒருமுறை கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் சீக்கிரமான நேரத்தை நம்புவது நல்லது. ஊர்ப்புற டவுன் பஸ்ஸுக்கு மொபைல் வரைபடத்தை நம்பவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் உட்கார்ந்திருக்கும் அறைதான் உருப்படியான இடம்.

மாத்தூருக்கு நேர் வண்டி கிடைக்கவில்லை என்று மணிக்கணக்கில் நிற்கத் தேவையில்லை. திருவட்டாறில் இறங்கி ஆட்டோ பிடித்தால் தீர்ந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. மற்ற நாட்களிலும் மதியம் இடைவேளை உண்டு, பக்கத்து ஊரான தக்கலையில் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகலாம்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. 2021 மே முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையே என்று டிக்கெட் வாங்காமல் இருந்துவிடக் கூடாது, கண்டக்டர் தரும் இலவச டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸிலும் கேரள அரசு பஸ்ஸிலும் இந்தச் சலுகை செல்லாது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பக்கம் போனால் எந்த மாநில வண்டி என்று பார்த்து ஏறுங்கள். சில்லறை இல்லாமல் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் காலை நேரக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரையும் வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொந்தம். அந்த நேரத்தில் பெரிய பையோடு ஏறாதீர்கள். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் போன்ற நாட்களில் கூட்டம் அள்ளும், வண்டிகளைத் திருப்பியும் விடுவார்கள். திருவிழா பார்க்க வருகிறவர்கள் அன்று வரலாம், ஊர் சுற்ற நினைப்பவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.