பட்டனில் சுமாரான கார்டு வந்தால்

டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்ட டோர்னமென்ட்களில் நல்ல கார்டுக்காகக் காத்திருந்தே என் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) கரைந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்தது ஒரு சின்னக் கணக்கு.

பிளைண்ட் (இருவர் கார்டு பார்க்கும் முன்பே கட்டும் கட்டாயப் பந்தயம்) 500/1000, பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பெரிய பிளைண்டில் இருப்பவர் கட்டும் கூடுதல் தொகை) 1000 என்று வைத்துக்கொள்வோம். யாரும் ஆட ஆரம்பிக்கும் முன்பே நடுவில் 2500 கிடக்கிறது. முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஃபோல்டு செய்து (விலகி), பட்டனில் (பிளைண்டுகளுக்குச் சற்று முந்தைய இருக்கையில்) இருக்கும் என்னிடம் வந்தால் பந்தயத்தை 2200-க்கு ரெய்ஸ் செய்கிறேன் (உயர்த்துகிறேன்). நூற்றுக்கு 47 தடவை இரண்டு பிளைண்டுகளும் விலகினாலே கையைக் கடிக்காது. யாராவது கால் செய்தாலும் (அதே தொகைக்கு ஈடுகட்டினாலும்), ஃப்ளாப்புக்கு (மேஜையில் விரிக்கும் முதல் மூன்று பொதுக் கார்டுகளுக்கு) பிறகு கடைசியாக முடிவெடுப்பது நான்தான். அதனால் ராஜா-9, ஒரே சின்னத்து 7-6 எல்லாம் இப்போது ஆடுகிறேன். முன்னால் ஒருவர் ஏற்கெனவே ரெய்ஸ் செய்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம், ரெய்ஸுக்கு முன் பிளைண்டுகளில் இருப்பவர்களின் சிப்ஸைப் பார்ப்பது. கார்டைவிட இதுதான் முக்கியம் என்பேன். பத்துப் பதினைந்து பிளைண்ட் மட்டுமே வைத்திருப்பவர் சட்டென்று ஆல்-இன் (கையிலுள்ள சிப்ஸ் முழுவதையும்) போடுவார். 7-6 அப்போது ஃப்ளாப்பையே பார்க்காது. அங்கே ஏஸ்-5 மேல். ஓர் ஏஸ் என்னிடம் இருப்பதால், அவருக்கு ஏஸ் ஜோடி அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகின்றன.

பரிசுக்குள் நுழையும் கட்டத்தில், பிக் பிளைண்டில் என்னைவிடப் பெரிய ஸ்டாக் (சிப்ஸ் இருப்பு) உள்ளவர் இருந்தால் சுமாரான கார்டைத் தொடுவதில்லை. நடுத்தர ஸ்டாக் என்றால் வெளியேறப் பயப்படுவார். அங்கே தாராளமாக ரெய்ஸ் செய்கிறேன்.