ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா? ஸ்பேனரை அப்புறம் எடுங்கள்

ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் பலரும் முதலில் செய்வது, கைக்கு எட்டிய நட்டையெல்லாம் இறுக்குவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அடியில் இருந்த நட்டை இன்னும் அரைச் சுற்று, இன்னும் கொஞ்சம் என்று முறுக்கியதில் பீங்கானில் மயிரிழையாக விரிசல் விழுந்துவிட்டது. ஒழுகிய இடம் அதுவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தரையில் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். டேங்க்கிலிருந்து கோப்பைக்குள் கசிவதுதான் வம்பு. சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

இதில்தான் சரியாக இருக்கும் பாகத்தைக் கழற்றிப் போடுவது அதிகம். மூடியைத் திறந்து, உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயை முதலில் பாருங்கள். அதன் வாய்க்குள் தண்ணீர் வழிந்தால் கோளாறு தண்ணீர் வரும் பக்கம்: மிதவை உயரமாக இருக்கலாம், அல்லது வால்வில் மண் சிக்கியிருக்கலாம். நீர்மட்டம் குழாய் வாய்க்குச் சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள். அப்படியும் ஏறினால் வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வழியவில்லையா? டேங்க்குக்குத் தண்ணீர் வரும் சுவர்க் குழாயை (ஆங்கிள் வால்வு) மூடி, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஒரு மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். தரை காய்ந்திருக்க, மட்டம் மட்டும் இறங்கியிருந்தால் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பரான ஃப்ளஷ் வாஷரில்தான் கசிவு. டேங்க்கில் சாயச் சொட்டு விட்டுப் பார்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் ஓவர்ஃப்ளோ வழிந்துகொண்டிருந்தால் அந்த வழியாகவும் சாயம் கோப்பைக்கு வந்து உங்களை ஏமாற்றிவிடும்.

வாஷர் மாற்றுவது என்று முடிவானால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணளவில் வாங்கினால் பொருந்துவது சந்தேகம். அது உட்காரும் விளிம்பில் உப்பு படிந்திருந்தால் எத்தனை புது வாஷர் போட்டாலும் கசியும். கத்தியால் சுரண்டாமல் வினிகர் தொட்ட துணியால் ஊறவைத்துத் துடைக்கவும். ரப்பருக்கு வாசலின் தடவாதீர்கள், ஊதிப்போகும். டேங்க்குக்குள் போடும் குளோரின் மாத்திரையும் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும். சங்கிலி உள்ள டேங்க் என்றால் அதில் லேசான தொய்வு வேண்டும்: விறைப்பாக இருந்தால் அடியிலுள்ள ரப்பர் மூடி முழுதாக உட்காராது, நீளமாக இருந்தால் அடியில் போய்ச் சிக்கும்.

வெளிக்கசிவுக்கு எம்-சீல் அப்புவது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. ஈரத்தில் அது சரியாக ஒட்டாது. அடுத்த முறை அந்த நட்டைக் கழற்றவும் முடியாது. ஹோஸ் இணையும் இடத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவதிலும் பயனில்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, உள்ளிருக்கும் ரப்பர் வாஷர். அதை மாற்றிவிட்டுக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் சரி.

டேங்க்கின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம் பூத்திருந்தால் எதையும் கழற்ற வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இருக்க, வெளிக்காற்றின் ஈரம் படிந்து டேங்க் வியர்க்கிறது, அவ்வளவுதான்.