முதல் நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாமா: முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

இதுவரை நாய் வளர்த்திராத ஒரு குடும்பம் காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுக்க எண்ணும்போது, எந்த நாயை எடுப்பது என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. அதற்கு முன்னரே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காலையில் முதலில் எழுபவர் யார், பகலில் வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும், இரவு பத்து மணிக்கு மழை பெய்தாலும் நாயை வெளியே அழைத்துச் செல்லக்கூடியவர் யார், திருமணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ எல்லோரும் ஊருக்குப் போனால் அதை யாரிடம் விடுவது என்பவற்றை ஒரு தாளில் பெயரோடு எழுதிப் பார்க்க வேண்டும். நாட்டு நாய் நல்ல பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டு "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கும் பிள்ளை, அந்த நாயின் நடுவயதுக்குள் கல்லூரி முடித்து வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருப்பான். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பொறுப்பு இறுதியில் அம்மாவிடமோ ஓய்வு பெற்ற தாத்தாவிடமோதான் வந்து சேர்கிறது என்பதால், முடிவைச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. அவர்கள் அரை மனதோடு தலையசைத்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது. வாய்வார்த்தையாகக் கொடுத்த ஒப்புதல் முதல் குரைப்போடு மறந்துபோகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலை வேறு. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் வளர்ப்பு நாய்களை அடியோடு தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவதைவிட, அதே தளத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, நாய்க்கு அஞ்சும் குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது அதிகம் பயன் தரும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்பதையும், அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கடந்த பிறகுதான் எந்த நாய் என்ற பேச்சுக்கு வர வேண்டும். நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை இங்கே குறுக்கே நிற்கிறது. குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நாய் நம்மிடம் ஒட்டும், வளர்ந்த நாய் பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அனுபவமற்றவர்களைப் பொறுத்தவரை இந்த அறிவுரை தவறானது என்பதே என் கருத்து. இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. இரவில் தூங்கவும் விடாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது நாள் முழுவதும் தன் கழிவிலேயே கிடக்கும். பல் முளைக்கும் மாதங்களில் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் நோய். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய தொற்றுகளுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் ஏறத்தாழ 16 வாரம் வரை போடப்படுகின்றன. அதுவரை குட்டியைத் தெருவில் இறக்கி நடத்துவது ஆபத்து, ஏனெனில் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆனால் மனிதர்களையும் வாகன ஓசையையும் பிற நாய்களையும் அஞ்சாமல் ஏற்கக் குட்டி பழகுகிற காலமும் பிறந்த பின் வரும் அதே முதல் மூன்று மாதங்கள்தான். இந்த இரண்டையும் சமாளிக்க, குட்டியைக் கையில் தூக்கியபடியே உலகத்தைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்களுக்கே அது கடினமான வேலை. மேலும், குட்டி எவ்வளவு பெரிதாக வளரும், என்ன சுபாவம் கொள்ளும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் நாயிடம் இந்த ஐயங்கள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதன் உருவம் நிலைத்துவிட்டது; சுபாவம் வெளிப்பட்டுவிட்டது; காப்பகப் பணியாளர்கள் மாதக்கணக்கில் அதைக் கவனித்திருக்கிறார்கள். எனினும் வளர்ந்த நாய்கள் எல்லாமே வீட்டுக்கு ஏற்றவை அல்ல. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறையைச் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964 இல் தொடங்கியது. 1996 இல் மாநகராட்சி அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அப்படிக் கருத்தடை செய்யப்பட்ட நாய்களுக்கு அடையாளமாகக் காதின் ஓரம் சிறிது வெட்டப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் தன் தெருவில் சுதந்திரமாகத் திரிந்து, நான்கு வீட்டில் உண்டு, தன் எல்லையைக் காத்து வாழ்ந்த நாயை மூன்றாம் மாடியில் அடைத்து வைப்பது அதற்கு நன்மை செய்வதாகாது. வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை, உரிமையாளர் இறந்ததால் அல்லது வெளிநாடு சென்றதால் விடப்பட்டவை, விபத்துக்குப் பின் நீண்ட காலம் மனிதர் கையில் சிகிச்சை பெற்றவை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதே முதல்முறை வளர்ப்பவருக்குப் பொருந்தும். காப்பகங்களில் கைவிடப்பட்ட லாப்ரடார்களும் ராஜபாளையங்களும் கூடக் கிடைக்கின்றன. ஆனால் வேட்டைக்காக உருவான ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற இனங்களுக்கு ஓடித் திரிய இடம் வேண்டும் என்பதால், அழகை மட்டும் பார்த்து அவற்றை எடுக்கலாகாது.

காப்பகத்துக்கு ஒரே ஒரு முறை சென்று, கம்பிக்குப் பின்னால் தெரியும் கண்களைப் பார்த்து மனம் இளகி முடிவெடுக்கக் கூடாது. வெவ்வேறு வேளைகளில் சில முறையாவது போக வேண்டும். நூறு நாய்கள் குரைக்கும் கூண்டுக்குள் எந்த நாயும் தன் இயல்பைக் காட்டாது. ஆகவே சங்கிலியில் கட்டி வெளியே சிறிது தூரம் நடத்திச் செல்ல அனுமதி கேட்க வேண்டும். அஞ்சும் நாயை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அச்சத்திலிருந்து அது எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதையே கவனிக்க வேண்டும். கதவு அடிபட்ட ஓசைக்கு விலகி, பின்னர் தானாக அருகே வந்து கையிலிருந்து ஒரு துண்டு உணவை வாங்கிக்கொள்ளும் நாயோடு புதியவர் வாழ முடியும். மூன்று முறை சென்றும் மூலையை விட்டு வராத நாய்க்கு அனுபவசாலியின் வீடு வேண்டும். உடல் விறைத்து அசைவற்று நிற்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காரணமின்றி உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி விடுவது ஆகியவை நாயின் பதற்றத்தைக் காட்டும் அறிகுறிகள். வாலாட்டுவதை மட்டும் நட்பின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், நாய் குழந்தைகளோடு பழகியதைப் பார்த்தவர் யார் என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

பணியாளர்களிடம் கேட்க வேண்டிய மற்றவையும் உண்டு. நாய் எப்படி இங்கே வந்தது, யாரையாவது கடித்திருக்கிறதா, சாப்பிடும்போது அருகில் சென்றால் உறுமுகிறதா, முன்பு யாரேனும் எடுத்துச் சென்று திருப்பிக் கொடுத்தார்களா, ஒத்துவராவிட்டால் காப்பகம் திரும்ப ஏற்றுக்கொள்ளுமா என்று தயங்காமல் கேட்கலாம். "எல்லாம் நல்ல நாய்தான்" என்ற ஒரே பதிலைச் சொல்லி அவசரப்படுத்தும் இடத்தைவிட, உங்களையே பத்துக் கேள்வி கேட்டு வீட்டைப் பார்க்க வரும் இடம் நம்பத்தக்கது. தடுப்பூசி அட்டையில் தேதியும் மருத்துவரின் கையொப்பமும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது, ஏனெனில் நம் வெப்பத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகவும் பரவலானது, தொடக்கத்தில் வெளியே தெரியாமலும் இருக்கும். சென்னையில் உள்ளவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை எங்கே, எந்நேரம் திறந்திருக்கும் என்பதை முன்பே விசாரித்து வைக்க வேண்டும். உணவு, ஆண்டுத் தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு நீக்க மருந்து ஆகியவற்றின் செலவு முன்கூட்டியே கணக்கிடக்கூடியது. எதிர்பாராத சிகிச்சைக்கு என்று குறைந்தது பத்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்க இயலாத மாதத்தில் தத்தெடுப்பைத் தள்ளிவைப்பதே முறை.

ரேபிஸைப் பற்றி ஒரு தெளிவு தேவை. குட்டியின் பல் பட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். குட்டியிடமிருந்தும் ரேபிஸ் பரவும். எந்த வயது நாய் கடித்தாலும் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது.

வீட்டில் மிஞ்சும் சோற்றைப் போட்டால் போதும் என்ற எண்ணத்தோடு இருப்பவர்களும் மறுபடி யோசிக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை என்பதால் சாம்பார் சாதம் அதற்கு உணவாகாது. தயிர்சாதத்தில் மட்டும் வளரும் நாய்க்குப் புரதம் போதாது. முட்டையோ கோழியோ வீட்டுக்குள் வரக் கூடாது என்ற வழக்கமுள்ள குடும்பங்கள், பாக்கெட் தீவனத்தை வாங்கச் சம்மதமா என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், தற்காலிகப் பராமரிப்பாளராக ஒரு நாயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பல காப்பகங்களும் தன்னார்வலர்களும் இதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் சில நாட்கள் நாய் ஒடுங்கிக் கிடக்கும் என்பதால், அதை வைத்து அமைதியான நாய் என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரமும், உண்மையான சுபாவம் வெளிப்பட மூன்று மாதமும் ஆகலாம் என்பது நாய் வளர்ப்பவர்களிடையே உள்ள பொதுக் கணக்கு. அந்த வாரங்களில் யார் நடத்திச் சென்றார்கள், யார் சலித்துக்கொண்டார்கள் என்பது முதலில் எழுதிய தாளைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும். வேண்டாம் என்று பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குச் சென்று நாய்களை நடத்திச் செல்லலாம். ஒரு நாயின் உணவுச் செலவை ஏற்கலாம்.

வேண்டும் என்று முடிவானால் அழைத்து வரும் நாளையும் யோசித்தே குறிக்க வேண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்கள் அறவே ஆகாது; வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் புதிய நாய்க்குத் திரும்பி வர வீட்டின் வழி தெரியாது. கத்திரி வெயிலில் அழைத்து வந்தால் காலை ஏழு மணிக்கு முன்பும் இருட்டிய பின்பும் மட்டுமே நடத்த முடியும், தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். இவை தவிர்த்த ஒரு சனிக்கிழமை காலையில், அடுத்த சில நாட்களுக்கு வீட்டில் ஒருவர் விடுப்பு எடுத்திருக்க, விருந்தினர் யாரையும் அழைக்காமல், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதி மாட்டி அழைத்து வரலாம்.