ஐரோப்பியக் கூடைப்பந்து வீரரின் ஆட்டப் பதிவைப் படிப்பது எப்படி?

ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் கூடைப்பந்து வீரர் ஒருவரின் ஆட்டப் பதிவைத் திறந்ததும் கண் நேராகப் புள்ளிச் சராசரிக்குத்தான் ஓடும். அதைக் கடைசியாகப் பார்க்கப் பழகுங்கள். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த லூகா டோன்சிச், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்காக, ஐரோப்பியக் கழகங்களுக்கான உயர்மட்டத் தொடரான யூரோலீக்கின் 2017-18 பருவத்தில் ஆட்டத்துக்கு 16 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவின் கணக்குகளையே பார்த்துப் பழகியவருக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது 19 வயதான அவருக்கே கிடைத்தது.

முதலில் நிமிடங்களைப் பாருங்கள். யூரோலீக் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். அந்தத் தொடரில் டோன்சிச் சராசரியாகக் களத்தில் நின்றது சுமார் 26 நிமிடம்தான். நிமிடங்கள் வேறுபடும் வீரர்களை ஒப்பிட, 36 நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடுவது வழக்கம்: 16ஐ 26ஆல் வகுத்து 36ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 22 வருகிறது. மறு பருவத்தில் என்பிஏவின் டல்லாஸ் மாவரிக்ஸ் அணிக்காகச் சுமார் 32 நிமிடங்களில் அவர் எடுத்த 21.2 புள்ளிகளை இதே முறையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 வரும். கண்டம் மாறியதால் திடீரென வளர்ந்துவிட்டார் என்று தோன்றுவதில் பெரும்பகுதி இந்த நிமிடக் கணக்குதான். மூன்று புள்ளி எறிதல்களில் கூடையில் விழுந்தவற்றின் விழுக்காட்டை ஒப்பிடும்போது, அதற்கான கோடு வளையத்திலிருந்து ஐரோப்பாவில் 6.75 மீட்டரிலும், என்பிஏவில் மூலைகளைத் தவிர்த்து 7.24 மீட்டரிலும் இருப்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, ஒரே பருவத்துக்கு ஏன் இரண்டு மூன்று வரிகள் இருக்கின்றன என்று குழம்ப வேண்டாம். ரியல் மாட்ரிட் போன்ற கழகம் வார நாள்களில் யூரோலீக்கிலும் வார இறுதியில் ஸ்பெயின் லீக்கிலும் ஆடுகிறது. எதிரணிகளின் தரம் வேறாக இருப்பதால் இவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு.

யூரோலீக் பதிவுகளில் உள்ள செயல்திறன் குறியீடு என்பது புள்ளி, ரீபவுண்டு (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிவகுக்கும் பந்தளிப்பு) முதலியவற்றைக் கூட்டி, தவறிய எறிதல்களையும் பந்திழப்புகளையும் கழித்து வருவது. பயனுள்ளதுதான்; ஆனால் எதிராளியை அசையவிடாமல் நிறுத்தும் தற்காப்பு அதில் ஏறாது.

நாட்டு அணிக்கான ஆட்டங்கள் தனி அட்டவணையில் இருக்கும், தேடி எடுங்கள். ஐரோப்பிய நாட்டு அணிகளுக்கான யூரோபாஸ்கெட் தொடரின் 2017 இறுதியாட்டத்தில் ஸ்லோவேனியா செர்பியாவை 93-85 என வென்றது. ஸ்லோவேனியாவின் கோரன் டிராகிச் 35 புள்ளிகள் குவித்தார். டோன்சிச்சோ கணுக்கால் காயத்தால் மூன்றாம் கால்பகுதியிலேயே வெளியேறினார். அன்றைய அவரது எண்கள் குறைந்திருப்பதற்கான காரணம் அட்டவணையில் இருக்காது, ஆட்ட அறிக்கையைத்தான் திறக்க வேண்டும்.