வகுப்பில் என்ன நடக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது: வீட்டுக்குச் சரியாகச் சொல்வது எப்படி?

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர் என்று மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிற டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அதே வேலையில் இருக்கிறவள்தான். மாநகராட்சிப் பள்ளிகள் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் நடக்கிற ஊர் இது. ஒரே வீட்டில் அப்பா இங்கே இந்தி மீடியம், அம்மா திருநெல்வேலிப் பக்கம் தமிழ் மீடியம், பிள்ளை இங்கிலீஷ் மீடியம் என்று இருப்பது சாதாரணம். அதனால் குரூப்பில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸைப் போட்டுவிட்டுச் சொல்லியாச்சு என்று இருந்துவிட முடியாது. கூட்டத்துக்கு வராத அம்மாவையும் பதில் போடாத அப்பாவையும் அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நாம் சொன்னது அவர்கள் கைக்குப் போனதா, போனாலும் புரிந்ததா என்று பார்க்கவேண்டும். நான் பார்த்தவரை அக்கறை இல்லாத வீடு மிகக் குறைவு, செய்தி போகாத வீடுதான் நிறைய.

ஜூனிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளையைக் கொண்டுவிட வருகிறவர்களிடம் நின்று பேசி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படிவம் கொடுத்து அனுப்பினால் பாதி திரும்பி வராது. வருகிற பாதியிலும் பக்கத்து வீட்டு அக்கா நிரப்பிக் கொடுத்திருப்பார். கேட்கவேண்டியவை கொஞ்சம்தான். இந்த நம்பர் யார் கையில் இருக்கிறது? பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான் இருக்கும், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பும், ஆகவே மதியம் நாம் அனுப்புவதை அம்மா ராத்திரிதான் பார்ப்பார். எந்த மொழியில் படிப்பார்கள், அல்லது படிப்பதைவிடக் கேட்பது சுலபமா? பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள்? அவசரம் என்றால் அதே சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கிற மும்பைக் குடியிருப்பு), அதே தெருவில் பிள்ளையை நம்பி ஒப்படைக்கக்கூடிய இன்னொருவர் யார்?

மொழிக் கேள்வியைக் கூச்சப்படாமல், ஆனால் மரியாதையாகக் கேளுங்கள். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா" என்று கேட்டால் யாருக்கும் சங்கடமாக இருக்கும். "நான் எழுதி அனுப்பட்டுமா, பேசி அனுப்பட்டுமா, எது உங்களுக்கு வசதி அக்கா?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார். இங்கேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் வீட்டில் நல்ல தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்க வராது, இந்தியும் மராத்தியும்தான் படிப்பார்கள். அவர்களுக்கு நாம் பார்த்துப் பார்த்து டைப் செய்த தமிழ்ச் செய்தியால் ஒரு பயனும் இல்லை, நாற்பது விநாடி வாய்ஸ் மெசேஜ்தான் போய்ச் சேரும்.

வாட்ஸ்அப்பை எப்படி வைத்துக்கொள்வது

குரூப் என்றால் அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் குட்மார்னிங் பூக்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் நடுவில் நம் நோட்டீஸ் காணாமல் போய்விடும். ஆனால் குரூப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது: எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். தங்கள் நம்பர் மற்ற வீட்டு ஆண்களுக்குத் தெரிவதை விரும்பாத அம்மாக்கள் இருக்கிறார்கள், அது நியாயமான விருப்பம். அப்படிப்பட்ட வகுப்பில், ஒரே செய்தியை எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்லது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போகும். ஆகவே அந்த ஜூன் மாதப் பேச்சின்போதே அவர்கள் கண்முன்னால் "3-ஆம் வகுப்பு டீச்சர்" என்று சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண், ஃபீஸ் பாக்கி, ஒரு பிள்ளையின் சேட்டை, இவை எதுவும் பொதுவில் போகவே கூடாது. ஒரு தடவை போனால் அந்த வீடு அதற்கப்புறம் நம் செய்தியைத் திறக்கவே பயப்படும்.

வாரத்துக்கு ஒரு செய்தி போதும்

தினமும் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே செய்தி, அதில் மூன்றே விஷயங்கள்: இந்த வாரம் என்ன செய்தோம், அடுத்த வாரம் என்ன வருகிறது, வீட்டில் என்ன கேட்கலாம். மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை உயிரான பகுதி. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணின?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும், கேள்வி அவ்வளவு பொதுவாக இருக்கிறது. குறிப்பாக ஒரு கேள்வியை நாமே கொடுத்துவிட்டால் படிக்காத அம்மாகூடப் பிள்ளையின் பாடத்துக்குள் வந்துவிடலாம். இப்படி:

"3-ஆம் வகுப்பு அம்மா, அப்பா எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் கணக்கில் லிட்டர், மில்லிலிட்டர் பார்த்தோம். பாட்டிலும் டம்ளரும் வைத்துப் பிள்ளைகளே தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். வீட்டில் தண்ணீர் பிடிக்கும்போது கேளுங்கள்: நம் குடத்தில் எத்தனை பாட்டில் தண்ணீர் கொள்ளும்? முதலில் பிள்ளை யோசித்துச் சொல்லட்டும், அப்புறம் ஊற்றிப் பார்க்கட்டும். அடுத்த புதன்கிழமைக்கு ஒரு காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி வேண்டும். கடையில் வாங்க வேண்டாம், வீட்டில் எது இருக்கிறதோ அதுவே போதும்."

அவ்வளவுதான். "கொள்ளளவு அலகுகள் செயல்பாட்டு வழிக் கற்றல்" என்றெல்லாம் எழுதவேண்டியதில்லை, அதை நம் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். கடையில் வாங்க வேண்டாம் என்கிற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் சில அம்மாக்கள் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனரி கடை வாசலில் நிற்பார்கள்.

வாய்ஸ் மெசேஜில் முதலில் வகுப்பைச் சொல்லுங்கள், அப்புறம் விஷயம், தேதியும் கிழமையும் கடைசியில் இன்னொரு தடவை. பின்னால் பெல்லும் கூச்சலும் இல்லாத இடத்தில் நின்று பேசுங்கள். கேட்கிறவர் ரயிலிலோ பட்டறையிலோ இருப்பார்.

விழா, கூட்டம், தேர்வு

ஒரு விழாவைப் பற்றி மூன்று தடவை சொல்லவேண்டும்: இரண்டு வாரம் முன்னால், ஒரு வாரம் முன்னால், முந்தின நாள். முதல் தடவை ஏன் அவ்வளவு முன்னால் என்றால், நம் பெற்றோரில் பலர் தினக்கூலி. அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போச்சு, அதற்கு அவர்கள் முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லவேண்டும், ஆள் மாற்றி விடவேண்டும். பணம் எதாவது கேட்கவேண்டியிருந்தால் மாதக் கடைசியில் கேட்காதீர்கள், பத்தாம் தேதிக்குள் கேளுங்கள். டான்ஸ் டிரஸ்ஸுக்கு வாடகை என்றால் தொகையைச் சரியாகச் சொல்லுங்கள், "கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பவும்" என்று எழுதினால் எவ்வளவு என்று புரியாமல் வீட்டில் சண்டையே வரும்.

"விளையாட்டு விழா. டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. பள்ளி மைதானம். பிள்ளை காலை 7.40-க்கு கேட்டில் இருக்கணும். வெள்ளை ஷூ இருந்தால் போடலாம், இல்லையென்றால் தினமும் போடுகிற ஷூவே போதும். தண்ணீர் பாட்டில், தொப்பி. பணம் எதுவும் இல்லை. 3-ஆம் வகுப்பு ஓட்டம் 9 மணிக்கு, 10 மணிக்குள் முடிந்துவிடும். வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், கைக்குழந்தையையும் கூட்டி வரலாம்."

இதில் 9 மணி என்பதைக் கவனியுங்கள். விழா எட்டிலிருந்து ஒன்றுவரை என்று மட்டும் சொன்னால், ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்கிற அப்பா வரவே மாட்டார். தன் பிள்ளை ஓடுகிற நேரம் தெரிந்தால் ஓடி வந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பெற்றோர் கூட்டமும் அப்படித்தான், எல்லாருக்கும் காலை பத்து மணி என்று வைக்காதீர்கள். விடியற்காலை இட்லி போட்டு விற்கப் போகிற வீடுகளுக்கு மதியத்துக்கு மேல்தான் மூச்சுவிட நேரம் கிடைக்கும், கம்பெனி வேலைக்காரர்களுக்குச் சாயங்காலம். இரண்டு நேரம் கொடுத்து எது முடியும் என்று கேளுங்கள்.

"நாளை" என்று எழுதவே எழுதாதீர்கள். வியாழன் மதியம் அனுப்பியதை வெள்ளிக்கிழமை காலையில் படித்தால் நாளை என்பது சனிக்கிழமை ஆகிவிடும். எப்போதும் தேதி, கிழமை இரண்டும்.

ஆண்டுத் தேர்வு எப்போது முடிகிறது என்பதைத் தேர்வு நெருங்கும்போது சொன்னால் போதாது. கோடை விடுமுறைக்கு நம் ஆட்கள் பெரும்பாலும் ஊருக்குப் போகிறவர்கள். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. தாதரிலிருந்து திருநெல்வேலி போகிற சாளுக்யா எக்ஸ்பிரஸில் கோடையில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே பிப்ரவரியிலேயே ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக் கடைசித் தேர்வு நாளைச் சொல்லிவிடுங்கள். நாம் தாமதித்தால் அவர்கள் கிடைத்த டிக்கெட்டை எடுத்துவிடுவார்கள், பிள்ளை தேர்வைத் தவறவிடும்.

மழை நாள்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இது தனிக் கவலை. விடுமுறை அறிவிப்பு சில சமயம் விடிந்த பிறகுதான் வரும், அதற்குள் போன வருடத்து அறிவிப்பை யாராவது ஃபார்வர்டு செய்துவிடுவார்கள். மழை விடுமுறை என்றால் என் செய்தியில் அன்றைய தேதி இருக்கும், தேதி இல்லாததை நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மழை வலுத்தால் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் நிற்கும், லோக்கல் ரயில் நிற்கும், வேலைக்குப் போன அம்மா அப்பா வந்து சேர முடியாது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எத்தனையோ பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பள்ளியிலேயே இருந்தார்கள், பல இடங்களில் போனும் வேலை செய்யவில்லை. நான் மேலே சொன்ன இன்னொருவர் பெயரை அதற்காகத்தான் வாங்குகிறோம். அந்தப் பட்டியலைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், காகிதத்தில் எழுதி ரிஜிஸ்டருக்குள் ஒன்று, ஆபீஸில் ஒன்று வையுங்கள்.

காகிதத்தை விட்டுவிடாதீர்கள்

பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற ஆச்சிக்கு வாட்ஸ்அப் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை, அதில் பெரிய எழுத்தில் இந்த வாரத்து விஷயம் ஒன்றே ஒன்று. அப்புறம் வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளையே அந்த வாரச் செய்தியை டைரியில் எழுத வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் நான்கு வரி தாராளமாக எழுத முடியும், எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, வீட்டில் தானே படித்துக்காட்டவும் செய்யும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அரசு, உதவி பெறும் பள்ளிகளில் இருக்கவேண்டிய மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், தெருவுக்கு ஒருவராக நம் செய்தியைப் படித்துச் சொல்கிறவர்களாக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவர் சொல்வது நம் பத்து மெசேஜை விட வேகமாகப் பரவும்.

போட்டோ விஷயத்தில் ஒரு வார்த்தை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுத்தான் போடவேண்டும். வகுப்பு வேலையைக் காட்டத்தானே போட்டோ, முகம் இல்லாமல் பிள்ளைகளின் கையையும் அவர்கள் செய்ததையும் எடுத்தாலே வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நன்றாகச் செய்கிற அதே நாலு பிள்ளைகளின் வேலையையே ஒவ்வொரு வாரமும் போடாமல் சுற்றுமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யாருக்குப் போயிருக்கிறது, யார் படித்திருக்கிறார்கள் என்று காட்டும். திங்கட்கிழமை காலையில் அதை ஒரு தடவை பாருங்கள். போகாத நம்பர்கள் தொடர்ந்து அதேதான் என்றால் ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது நம்பர் மாறியிருக்கும். அந்தப் பிள்ளைகளின் டைரியில் ஒரு சீட்டு வைத்து அனுப்புங்கள், மறுநாள் பிள்ளையிடம் "அம்மாகிட்ட காட்டினியா, என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். சீட்டு பையிலேயே இருந்தால் அன்று சாயங்காலம் கேட்டில் நின்று, கூட்டிப்போக வருகிறவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.