நினைவுக்காக நீந்துபவர் கரையிலேயே முடிவு செய்ய வேண்டியவை

மறைந்த ஒருவரின் நினைவாக நிதி திரட்டிக் கடலிலோ ஏரியிலோ நீந்த முன்வருபவர், எவ்வளவு தூரம் என்று முடிவு செய்வதற்கு முன்பே, எந்த நிலையில் நீச்சலைக் கைவிடுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். "அவருக்காக எப்படியாவது முடித்துவிட வேண்டும்" என்ற எண்ணம் பயிற்சிக் காலத்தில் பெரும் துணையாக இருக்கும். குளிர்ந்த நீரில் அதுவே ஆபத்தாக முடியலாம். ஏனெனில் உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, தாம் தடுமாறுவதை நீந்துபவரே பெரும்பாலும் உணர்வதில்லை. ஆகவே நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைத் துணைப்படகில் வருபவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள். அதே துக்கத்தைச் சுமக்கும் நெருங்கிய உறவினரை அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "போதும்" என்று சொல்ல அவருக்கும் மனம் வராது.

நிதியைப் பொறுத்தவரை, அதைப் பெறப்போகும் அறக்கட்டளையின் ஒப்புதலையும், மறைந்தவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் குடும்பத்தாரின் சம்மதத்தையும் முதலில் பெறுங்கள். பணம் நேராக அறக்கட்டளையின் கணக்குக்கே செல்லட்டும். நீச்சல் பாதியில் நின்றாலும் நன்கொடை அறக்கட்டளைக்கே உரியது என்பதை வேண்டுகோளிலேயே எழுதிவிட்டால், கரை சேர்ந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி பெருமளவு குறையும்.

நீச்சல் குளத்தில் தூரம் கைவந்தபின், திறந்த நீரில் தனியாக அல்லாமல் துணையோடு பழகுங்கள். பளிச்சிடும் நிறத்தில் தொப்பியும் இடுப்பில் கட்டிய மிதவையும் கட்டாயம். 15 டிகிரிக்குக் கீழான நீரில் முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு தானாகவே வாரி இழுக்கும் என்பதால், குதிக்காமல் மெல்ல இறங்கி, முகத்தை நனைத்து, மூச்சு சீரான பிறகே நீந்தத் தொடங்குங்கள். நீச்சல் குளத்தைப் போல அங்கே அடியில் கோடு இருக்காது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்களை நீருக்கு மேலே உயர்த்திக் கரையிலுள்ள உயரமான அடையாளம் ஒன்றைப் பாருங்கள்.

நடுவழியில் அழுகை வரலாம். தொண்டை அடைத்துக்கொள்ளும், நீருக்குள் விட வேண்டிய மூச்சு நின்றுபோகும், அடுத்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே வரும். அப்போது தொடர்ந்து நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, நீச்சல் கண்ணாடியைச் சற்றே தூக்கிக் கண்ணீரை வடித்துவிட்டு, அழுது முடியும்வரை அப்படியே இருங்கள். மிதந்தபடி அழுவதையும் பயிற்சியிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

கரையேறிய பின்னும் சிறிது நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டியணைக்கவும் படமெடுக்கவும் உறவினர்கள் முந்துவார்கள்; ஈர உடையைக் களைந்து, துவட்டி, அடுக்கடுக்காக உலர்ந்த உடை அணிந்து, வெதுவெதுப்பான பானம் அருந்தும்வரை காத்திருக்குமாறு அவர்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.